குறைந்துகொண்டே வந்த ராஞ்ச் பாட்டில்

சாஸ் பாட்டிலின் முதுகில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். கலோரி இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு. பெரும்பாலும் யாரும் படிக்காத அந்தக் கட்டத்தை எழுதுவதுதான் என் வேலை. பினாங்குத் தீவுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்துக்கு அப்பால், லாரிகள் மட்டுமே போகிற ஒரு சாலையில் இருக்கும் தொழிற்சாலையில், பரிசோதனைக்கூடத்தை ஒட்டிய மேசை என்னுடையது. உணவு அறிவியல் படித்து முடித்த சூட்டோடு அங்கே சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் பித்துப் பிடித்த மாதிரிதான் இருந்தேன். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் மேசையில் இருக்கும் பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பேன். “நீ சாப்பிட வந்தியா, ரெய்டு பண்ண வந்தியா?” என்று தோழிகள் கேட்பார்கள். நான் விட மாட்டேன். கிச்சாப்பில் கொழுப்பே கிடையாது, எல்லாம் சர்க்கரை, தெரியுமா? மிளகாய் சாஸும் அப்படித்தான். மிளகாய் அரைத்து வதக்கிய சம்பாலாவது நல்ல மனசு, எண்ணெயை மேலே மிதக்கவிட்டுத் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். கள்ளன் யார் என்றால் வெள்ளையாக இருப்பதுதான். மயோனைஸ், அதில் மோரும் பூண்டும் தழையும் கலந்த ராஞ்ச். தயிர்ப்பச்சடி மாதிரி சாதுவாக இருக்கும், உள்ளே பாதிக்குப் பாதி எண்ணெய் இருக்கும். முட்டையின் மஞ்சள் கரு அந்த எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்துப் பிடித்துவைத்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மேசைக்கரண்டி ராஞ்சில் நூற்று முப்பது கலோரி வரும். ஏறக்குறைய எல்லாமே கொழுப்பு.

எங்கள் வீட்டில் ராஞ்ச் சாப்பிட்டது அண்ணன் ஒருவன்தான்.

அவன் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்தான். அங்கே யாரோ பிறந்தநாளுக்கு வாங்கிவந்த பொரித்த கோழியோடு அது வந்திருக்கிறது. அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. ஆனால் வெள்ளைக்காரர்கள் மாதிரி தொட்டுச் சாப்பிட அவனுக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து அப்பாவோடு போய் நாசி கண்டார் கடையில் குழம்புச்சோறு சாப்பிட்டு வளர்ந்தவன். அப்பாவுக்கு வேலை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம், ஒரு மொத்த வியாபாரக் கடையில். சனிக்கிழமைகளில் எங்களை அங்கே வரச்சொல்லிக் கூட்டிப்போவார். தட்டை நீட்டும்போதே அண்ணன், “அண்ணே, பாஞ்சிர் லா,” என்பான். எல்லாக் குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றை வெள்ளக்காடாக ஆக்கித் தர வேண்டும், அதுதான் பாஞ்சிர். ராஞ்சுக்கும் அவனுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். சுடுசோறு, மேலே பொரித்த கோழிக்கால், அதற்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்து வெள்ளம். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

“ரெண்டு கரண்டிக்குத்தான்டா கணக்கு போட்டிருக்கு லேபிள்ல. நீ ஊத்துறது ஆறு கரண்டி.”

“அந்த லேபிள் எழுதுனவன் பினாங்குக்காரன் இல்ல,” என்பான் வாய் நிறைய.

ஒரு மழைநாளில், ஷிப்டு முடிந்து விடியும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, சாலை வழுக்கி அவன் போய்விட்டான். இதைவிட விரிவாக எனக்கு எழுத வராது.

கருமாதி முடிந்தது. சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். அவன் சட்டைகளை அப்பா ஒரு பையில் கட்டி யாருக்கோ கொடுத்தார். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீடு சின்னது, பொருள்கள் சீக்கிரம் இடம் மாறிவிடும். மாறாமல் நின்றது ஐஸ் பெட்டிக் கதவின் கீழ்த்தட்டில் இருந்த ராஞ்ச் பாட்டில்தான். அதை எடுத்து எறிய யாருக்கும் கை வரவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது லேசாக ஆடி, பக்கத்துக் கிச்சாப் பாட்டிலில் மோதி, டிங் என்று ஒரு சத்தம் போடும். நான் பாலை எடுத்துக்கொண்டு சட்டென்று மூடிவிடுவேன்.

சில மாதங்களில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. இரத்தக்குழாயில் அடைப்பு, ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: கொலஸ்ட்ரால் இறங்கியே ஆக வேண்டும், இறங்காவிட்டால் இன்னொரு குழாயும் அடைக்கும், அடுத்தமுறை இவ்வளவு சுலபமாக இருக்காது. மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குவது மாதிரி.

உண்மையாகவே எனக்கு ஒரு வேகம் வந்தது. அண்ணன் விஷயத்தில் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. இதில் எனக்குத் தெரிந்தது இருந்தது. தேங்காய்ப்பாலை நிறுத்தினேன். பொரிக்கும் சட்டியைத் தூக்கி அலமாரி மேலே வைத்தேன். சம்பாலை வடிகட்டியில் ஊற்றி எண்ணெயைப் பிரித்தேன். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கறிவேப்பிலையும் கடுகும் எத்தனை சொட்டு எண்ணெயில் தாளிக்கலாம் என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன்.

“கடுகு வெடிக்கவே பயப்படுது, இந்த எண்ணெயில,” என்றாள் அம்மா.

“பயப்படட்டும்.”

“உனக்கு இருக்கிற கொழுப்புக்கு முதல்ல ஒரு லேபிள் ஒட்டு.”

அவள் கேலி பேசியதில் எனக்கு உயிர் வந்தது. அப்போதெல்லாம் அம்மா அதிகம் பேசுவதில்லை. ஆனால் நான் சொன்னபடி செய்தாள். எண்ணெய்ப் பாட்டில் வாரக்கணக்கில் அப்படியே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பரிசோதனை முடிவு வந்தபோது கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியிருந்தது.

ஏறியிருந்தது! அந்தத் தாளை வேலைக்குப் போகும் படகில் வைத்துக்கொண்டு அக்கரை வரைக்கும் பார்த்தேன். மாத்திரை சாப்பிடுகிறாள், நானே எடுத்துக்கொடுக்கிறேன். சமையலில் எண்ணெய் இல்லை. அப்படியானால் கொழுப்பு எந்த வழியாக உள்ளே வருகிறது? வேலையில் ஒரு சாஸின் கணக்கு இடித்தால் என்ன செய்வோம், உள்ளே போகும் ஒவ்வொன்றையும் எடுத்து வரிசையாக மேசையில் வைப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதையே செய்தேன். மிளகாய் சாஸ், கிச்சாப், புளிச்சாறு, ஊறுகாய், புதினாத் துவையல். கடைசியில் ஐஸ் பெட்டிக் கதவில் கை வைத்தேன்.

ராஞ்ச் பாட்டிலில் பாதிக்குக் கீழேதான் இருந்தது.

அண்ணன் போகும்போது எவ்வளவு இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அதனால் திருப்பிப் பார்த்தேன், பழக்கதோஷம். காலாவதித் தேதியை இரண்டு முறை படித்தேன். அந்தத் தேதி ரொம்பத் தூரத்தில் இருந்தது. இவை எத்தனை மாதம் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் உயிரோடு இருந்தபோது இந்தப் பாட்டில் தொழிற்சாலையிலேயே பிறந்திருக்க முடியாது. அவன் வாங்கிய அதே ரகம், அதே அளவு, ஆனால் அவன் வாங்கியது இல்லை. யாரோ வாங்கியிருக்கிறார்கள். யாரோ சாப்பிடுகிறார்கள்.

அம்மா மேல் வீட்டு அக்காவோடு பாசாருக்குப் போயிருந்தாள். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாட்டிலைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

“நீங்களாப்பா?”

“எனக்கு அந்த நாத்தமே ஆகாது.”

“அப்ப இது எப்படிக் குறையுது?”

அப்பா பேப்பரை மடித்தார். அவருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

“நானும் பார்த்தேன். குறையுது. அப்புறம் நிறைஞ்சிருக்கு. மறுபடி குறையுது.” மடித்த பேப்பரைப் பக்கத்தில் வைத்தார். “வர்றான்போல. சாப்பிட்டுப் போறான். விடு.”

“அப்பா! வந்தா, பாட்டிலும் வாங்கிட்டா வருவான்?”

“அவன்தான எப்பவும் வாங்குவான்,” என்றார், ரொம்பச் சாதாரணமாக.

படித்தவள்தான் நான். ஆனாலும் அன்றைக்குப் பிறகு தண்ணீர் குடிக்க ஐஸ் பெட்டியைத் திறப்பதென்றால் முதலில் சமையலறை விளக்கைப் போட்டேன். டிங் என்று கேட்கும்போது முன்பு துக்கமாக இருக்கும். இப்போது யாரோ பதில் சொல்வது மாதிரி இருந்தது. இன்னொரு பக்கம் மூளை விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இல்லை, நான் இல்லை, ஆவிகளுக்குக் கொலஸ்ட்ரால் ஏறாது. மிச்சம் அம்மாதான். ஆனால் அம்மாவுக்கு அந்த வாடையே பிடிக்காதே?

ஒருநாள் தொழிற்சாலையில் மின்சாரம் போய், எங்களை முற்பகலிலேயே அனுப்பிவிட்டார்கள். படகைப் பிடித்து, பேருந்தைப் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டு வாசலில் நின்றேன். மரக்கதவு திறந்திருந்தது, இரும்பு கிரில் மட்டும் சாத்தியிருந்தது. சாவியை எடுக்கும் முன் உள்ளே பார்த்தேன்.

மேசையில் அண்ணன் உட்காரும் இடத்தில் ஒரு தட்டு. சோறு, பொரித்த கோழிக்கால், மேலே வெள்ளம். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர். எதிரே அம்மா, கைகளை மடியில் வைத்துக்கொண்டு. அவள் தட்டைப் பார்க்கவில்லை. நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்திருக்கும் ஒருவனுடைய முகம் இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “போதுமா?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, பிசைந்து, சாப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாய்க்கும் முகம் சுளித்தாள். கஷாயம் குடிக்கிற மாதிரி.

நான் காலணியைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ. சாவிச் சத்தம் கேட்டும் அவள் திடுக்கிடவில்லை.

“என்னம்மா இது?”

“பார்த்தா தெரியல? அண்ணனுக்குச் சோறு.”

“அத நீ ஏன் சாப்பிடுற?”

“பின்ன? வச்சதத் தூக்கிக் குப்பையில போடச் சொல்றியா? சாமிக்கு வச்சதையே போட மாட்டோம்.”

“தினமுமா?”

“அவன் தினமும்தான சாப்பிடுவான்.”

“உனக்கு இது பிடிக்குதா?”

“சீ. கெட்டுப்போன பால் மாதிரி இருக்கு. எப்படித்தான் தின்னானோ.”

என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். உதட்டோரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. சிரிப்பு நின்றதும், டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. “எண்ணெய் கூடாதுன்ன. நான் எண்ணெயத் தொடுறதே இல்லயே. கோழியக்கூட கடையிலதான் வாங்குறேன். இது தயிர் மாதிரிதான?”

வாயால் சொன்னால் நம்ப மாட்டாள். தோசைக்கல்லைச் சூடாக்கி, அதில் ராஞ்சை ஊற்றினேன், ஒருவேளைக்கு அண்ணன் ஊற்றும் அளவுக்கு. முதலில் வெள்ளையாகக் கொப்பளித்தது. பிறகு திரிந்தது. பால் தனியாகக் கட்டிகட்டியாக ஒதுங்க, நடுவில் மஞ்சளாக எண்ணெய் வெளியே வந்து, பரவி, கல்லின் குழியில் தேங்கியது. அப்பளம் பொரிக்கலாம் போல இருந்தது. அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இம்புட்டு எண்ணெயா?”

“இம்புட்டுதான்.”

“இதையா அவன் தினம் சாப்பிடுறான்?” அவள் கை தன் நெஞ்சுக்குப் போனது. “அவன் நெஞ்சுக்கு என்ன ஆகும்?”

அடுப்பை அணைத்தேன். தொழிற்சாலையில் எனக்குச் சொல்லித்தந்த எதுவும் அந்தக் கேள்விக்கு உதவாது.

மறுநாளே நான் வேறு ஒன்று செய்து பார்த்தேன். கொழுப்பு எடுத்த தயிர், அரைத்த பூண்டு, மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய கொத்தமல்லி, கொஞ்சம் எலுமிச்சை. ருசி ஏறக்குறைய வந்துவிட்டது, எனக்கே ஆச்சரியம். ஒரு கிண்ணத்தில் அம்மாவிடம் நீட்டினேன், தோசைக்கல்லில் காட்டினால்கூட ஒரு சொட்டு எண்ணெய் வராது என்று சொன்னேன். அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“நல்லா இருக்கு.”

“அப்ப இதையே ஊத்தலாம்ல?”

“இது உன்னோடது. அவன் கண்டுபிடிச்சிருவான்.”

“சரி, அவனோடதையே ஊத்து. கொஞ்சமா ஊத்து.”

“கொஞ்சமா ஊத்துனா எந்திரிச்சுப் போயிருவான்.”

எந்திரித்துப் போய்விடுவான். அந்த வார்த்தைக்குப் பிறகு நான் எப்படி வாதாடுவது? தட்டே வைக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்தால் இன்னொரு குழாய் அடைக்கும். அடுத்த பரிசோதனைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஒன்று அவள் நெஞ்சு, இல்லாவிட்டால் அந்த நாற்காலி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று பெற்றவளிடம் போய்ச் சொல்ல முடியுமா?

“சரிம்மா,” என்றேன். “தட்டு வை. ஆனா நீ சாப்பிடாத. நான் சாப்பிடுறேன்.”

“நீ எங்க இருக்க மத்தியானத்துல?”

“சாயங்காலம் வந்துருவேன்ல. ஏழு மணிக்கு எல்லாரும் சாப்பிடும்போது வை.”

“ஏழு மணிக்கு அவன் வேலைக்குக் கிளம்பிருப்பான்.” எனக்குத் தெரியாததைச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொன்னாள். “மத்தியானம்தான் எந்திரிப்பான். அப்பதான் சாப்பிடுவான்.”

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

“ஷிப்டு மாறிடுச்சும்மா.”

எங்கள் அடுக்குமாடியில் பாதி வீடுகள் தொழிற்சாலை வீடுகள். ஷிப்டு மாறினால் அந்த வீட்டில் சமைக்கும் நேரம் மாறும், தூங்கும் நேரம் மாறும், துணி காயப்போடும் நேரம்கூட மாறும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மேலே இருந்து சொல்லிவிட்டார்கள், மாறிவிட்டது, அவ்வளவுதான். அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

“காலை ஷிப்டா?” என்றாள்.

“காலை ஷிப்டுதான்.”

“ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தான்,” என்றாள் அம்மா. “ராத்திரி ஓட்டிட்டு வர்றது கஷ்டமா இருக்கு, கண்ணு சொக்குதுன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தான். குடுக்கல.” முந்தானையால் மேசையைத் துடைத்தாள், சுத்தமாக இருந்த மேசையை. “இப்பவாச்சும் குடுத்தாங்களே.”

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது மேசையில் நான்கு தட்டுகள் இருந்தன. அம்மா தன் தட்டில் கீரையும் ரசமும் வைத்துக்கொண்டாள். அண்ணன் தட்டில் வெள்ளம். நாங்கள் மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவள் “போதுமா?” என்று கேட்டாள், காத்திருந்தாள், பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள். பிசைந்தேன். பூண்டு, புளிப்பு, ஏதோ ஒரு காய்ந்த தழையின் வாசம், கோழித்தோலின் உப்பு, எல்லாவற்றுக்கும் மேலே வழவழவென்று நாக்கில் படர்ந்து இறங்க மறுக்கும் அந்தக் கொழுப்பு. என் தலைக்குள் கட்டம் தானாக நிரம்பியது, கலோரி இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு. எழுதி எழுதிப் பழகிய எண்கள்தான். அவன் வாயில் இது எப்படி இருந்திருக்கும் என்பது மட்டும் எனக்கு அதுவரை தெரியாது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அப்பா சட்டென்று தன் தட்டை நீட்டினார். “எனக்கும் ஒரு கை வை.”

“உங்களுக்கு நாத்தம் ஆகாதேப்பா.”

“வைன்னா வையேன்.”

நான் நிமிர்ந்தபோது அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை, என் தலைக்குக் கொஞ்சம் மேலே. அண்ணன் என்னைவிட உயரம். அந்த உயரத்துக்கு என் முகத்தைக் கொண்டுபோக வேண்டும்போல, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு விடுமுறை நாள்களில் காலையில் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுச் சாலையில் மூச்சிரைக்க ஓடத் தொடங்கினேன். அவன் சாப்பாட்டை யாராவது எரிக்க வேண்டுமே. என் வேலைச் சட்டை அக்குளில் பிடித்தது, ஒரு அளவு பெரிதாக வாங்கிக்கொண்டேன். பாட்டில் தீர்ந்தால் இப்போது நான்தான் வாங்குகிறேன். கடையில் எடுத்ததும் திருப்பிப் பார்க்கிறேன், எண்களை அல்ல, தேதியை. அது எந்த மாதம் வரைக்கும் இருக்கும் என்று.

குறித்த தேதியில் அம்மாவைப் பரிசோதனை முடிவுக்குக் கூட்டிப்போனேன். பழைய டாக்டர் இடம் மாறிப் போயிருந்தார். அவர் நாற்காலியில் ஒரு இளம் டாக்டர், நம் தமிழ்ப் பெண். திரையைப் பார்த்தாள், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் மாறிமாறிப் பார்த்தாள். நான் மேசைக்கு அடியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா இறங்கியிருக்கே ஆன்ட்டி! இன்னொரு புரொசீஜர் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். சாப்பாட்டுல என்ன மாத்துனீங்க?”

“நான் ஒண்ணும் மாத்தல, டாக்டர்,” என்றாள் அம்மா. “என் மகனுக்கு ஷிப்டு மாறிருச்சு. முன்ன மத்தியானம் அவன்கூடத்தான் சாப்பிடுவேன், அவன் சாப்பாடு கொஞ்சம் எண்ணெய்ச் சாப்பாடு. இப்ப மத்தியானம் தனியா, கீரைதான்.”

“ஓ, அப்படியா. எந்த ஷிப்டு?”

“முன்ன ராத்திரி. இப்ப காலை.”

“அதுதான் ஆன்ட்டி நல்லது,” டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னாள். “என் தம்பியும் பேக்டரிதான். ராத்திரி ஷிப்டு முடிஞ்சு மோட்டார்ல வர்றதுன்னா எங்கம்மாவுக்குத் தூக்கமே வராது. இப்ப நேரத்தோட வீட்டுக்கு வந்துடுறாரா?”

அம்மாவின் கை என் கைக்குள் அசையவே இல்லை.

“வந்துடுறான்,” என்றாள்.